ஆபத்தான பாக்டீரியாவை மரபணுத்தொகையாலும் புரதங்களாலும் கண்டறிதல்: முதன்முறை இறங்குவோருக்கான வழிகாட்டி

நோயாளியின் இரத்தத்திலோ உணவுப் பொருளிலோ இருக்கும் பாக்டீரியாவை அதன் டிஎன்ஏ வரிசையையும் புரதங்களையும் கொண்டு அடையாளம் காணும் பணியை நான் தொடங்கியபோது, ஆறு வாரங்களில் முதல் முடிவு கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். வந்து சேர ஏழு மாதங்கள் ஆயின. அதில் கருவிகளால் வீணான நாட்கள் சொற்பம். தவறான ஆள் போட்ட ஒரு கையெழுத்து, குழாய் மூடியில் அழிந்துபோன சில எண்கள், கலப்படமான இரண்டு காலனிகள் ஆகியவையே மீதி நாட்களை விழுங்கின. வளர்ப்புத் தட்டில் பாக்டீரியாவைக் கையாளத் தெரிந்த, ஆனால் மரபணு வரிசைப்படுத்தலோ (மூலக்கூறுகளின் நிறையை அளக்கும்) நிறை நிறமாலைக் கருவியோ பழகியிராத ஒருவருக்காக இதை எழுதுகிறேன்.

1. கேள்வியை முதலில் தாளில் எழுதுங்கள்

எந்தக் கருவி என்று யோசிப்பதற்கு முன், எது தெரிய வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். "இது என்ன இனம்?" என்பது மட்டுமே கேள்வியானால், புரதங்களின் நிறையைக் கொண்டு இனத்தைச் சொல்லும் மால்டி-டாஃப் கருவி போதும், காலனி கையில் இருந்தால் சில நிமிடங்களில் பெயர் கிடைத்துவிடும். இது எந்தத் திரிபு (ஓர் இனத்துக்குள் உள்ள தனி வகை), நச்சு மரபணு உண்டா, மருந்து எதிர்ப்பு மரபணுக்கள் எவை, இரண்டு நோயாளிகளிடம் கிடைத்தவை ஒரே மூலத்திலிருந்து வந்தவையா என்பவை கேள்விகளானால் முழு மரபணுத்தொகை வரிசைப்படுத்தல் தேவை. நச்சுப் புரதமே இப்போது மாதிரியில் இருக்கிறதா என்பது கேள்வியானால் திரவ நிறப்பிரிகையோடு இணைந்த நிறை நிறமாலை ஆய்வுக்குப் போக வேண்டும்.

இந்தப் பிரிவினை வெறும் வசதிக்காகச் செய்யப்பட்டதன்று. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பெருகிய பாலைக் காய்ச்சினால் பாக்டீரியா செத்துவிடும், அது உமிழ்ந்த குடல்நச்சோ வெப்பத்தைத் தாங்கி நிற்கும். தட்டில் ஒரு காலனியும் வளராது. டிஎன்ஏ கிடைத்தாலும் நச்சு மரபணு இருந்தது என்று மட்டுமே அது சொல்லும். குடித்தவருக்கு வாந்தி வருமா என்பதைப் புரதம்தான் சொல்லும். ஈ.கோலை கதை இதற்கு நேர்மாறானது. அது பெரும்பாலும் நம் குடலில் சாதுவாக வாழும் உயிரி என்பதால், இனப்பெயரைத் தெரிந்துகொண்டு ஒரு பயனும் இல்லை. ஷிகா நச்சு மரபணு இருக்கிறதா என்பதே ஆபத்தைத் தீர்மானிக்கிறது. போதாக்குறைக்கு, ஈ.கோலையும் ஷிகெல்லாவும் மால்டி-டாஃபின் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றேபோலத் தெரியும்.

குறிப்பிட்ட ஒரு மரபணு உண்டா இல்லையா என்பது மட்டும் தெரிந்தால் போதுமென்றால் பிசிஆர் (குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டை மட்டும் பெருக்கிக் காட்டும் சோதனை) செய்யுங்கள். அதற்காக முழு மரபணுத்தொகையை வரிசைப்படுத்துவது மலையைக் கெல்லி எலியைப் பிடிக்கும் வேலை.

2. ஆவணங்களை அன்றைக்கே தொடங்குங்கள்

ஆய்வகப் பணிக்கு முன்பாகவே, குறைந்தது இரண்டு மாதங்களை இதற்கென ஒதுக்குங்கள். நான் ஒதுக்கவில்லை.

முதலாவது, உயிர்ப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல். விண்ணப்பத்தில் "பாக்டீரியா மாதிரிகள்" என்று பொதுவாக எழுதினால் அது திரும்பி வரும். எந்தெந்த இனங்கள், அவற்றின் ஆபத்துப் பிரிவு, எந்தப் பாதுகாப்பு நிலை ஆய்வகம், எப்படிச் செயலிழக்கச் செய்வீர்கள், கழிவை எங்கே அழிப்பீர்கள் என்பதைப் பட்டியலாகக் கேட்பார்கள். சால்மோனெல்லா, லிஸ்டீரியா, கிளெப்சியெல்லா போன்றவற்றுக்குப் பொதுவாக இரண்டாம் நிலை ஆய்வகம் போதும்; காசநோய்க் கிருமியையோ புருசெல்லாவையோ வளர்த்துக் கையாள்வதற்கு மூன்றாம் நிலை வேண்டும். எதிர்பாராமல் இப்படி ஒன்று தட்டில் வளர்ந்தால் வேலையை எங்கே நிறுத்துவீர்கள், யாரிடம் ஒப்படைப்பீர்கள் என்ற பத்தியையும் சேர்த்துவிடுங்கள். குழு கட்டாயம் கேட்கும் கேள்வி அது.

இரண்டாவது, மனித மாதிரி என்றால் அறநெறிக் குழுவின் ஒப்புதல். "எனக்கு வேண்டியது பாக்டீரியா மட்டும்தானே" என்று நினைத்து இதை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலனியாக வளர்க்காமல் மாதிரியை நேரடியாக வரிசைப்படுத்தினால் நோயாளியின் டிஎன்ஏவும் சேர்ந்தே வரும். இரத்தத்தில் பெரும்பகுதி அதுவாகவே இருக்கும். அந்த வரிசைகளை எந்தக் கட்டத்தில் நீக்குவீர்கள், எங்கும் பதிவேற்றமாட்டீர்கள் என்ற உறுதியை ஒப்புதல் படிவத்திலேயே எழுத வேண்டும்.

மூன்றாவது, மாதிரி இன்னொரு நிறுவனத்திலிருந்து வருமானால் பொருள் பரிமாற்ற ஒப்பந்தம். இதில் கையெழுத்திட வேண்டியவர் நிறுவனத்தின் சார்பில் அதிகாரம் பெற்றவர், ஆய்வாளர் அல்லர். நான் என் பெயரில் கையெழுத்திட்டு அனுப்பி ஐந்து வாரங்களை இழந்தேன். வரிசைத் தரவு யாருக்குச் சொந்தம், அதைப் பொதுத் தரவுத்தளத்தில் வெளியிடலாமா என்பதையும் இதே ஒப்பந்தத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். மாதிரி நாட்டெல்லையைத் தாண்டுவதானால், 2014 முதல் நடைமுறையில் உள்ள, மரபணு வளங்களின் பயன்பாடு பற்றிய நகோயா நெறிமுறையின்படி அனுப்பும் நாட்டின் முன் அனுமதி தேவைப்படக்கூடும். நுண்ணுயிர்களும் மரபணு வளங்கள்தாம் என்பதைப் பலர் கடைசி நேரத்தில்தான் அறிகிறார்கள்.

நான்காவது, அனுப்பும் சீட்டு. நோயறி மாதிரிகள் பெரும்பாலும் தொற்றுப் பொருள்களில் ஆபத்து குறைந்த "பி" பிரிவில், யூஎன் 3373 என்ற எண்ணில் போகும். கசியாத உட்கலம், உறிஞ்சும் பஞ்சு, கசியாத இரண்டாம் கலம், உறுதியான வெளிப்பெட்டி என மூன்றடுக்குப் பொதியல் வேண்டும். சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஷிகா நச்சு சுரக்கும் ஈ.கோலை, காசநோய்க் கிருமி போன்ற சிலவற்றின் நோயாளி மாதிரி "பி" பிரிவில் போகலாம். அதே கிருமியை வளர்த்து அனுப்பினால் அது "ஏ" பிரிவு, யூஎன் 2814. அதற்குப் பயிற்சிச் சான்று பெற்ற ஆள்தான் பொதிய வேண்டும், பல கூரியர் நிறுவனங்கள் தொடக்கூட மாட்டா. ஆகவே முடிந்தவரை உங்கள் இடத்திலேயே டிஎன்ஏவைப் பிரித்து, உயிருள்ள செல் இல்லை என்று தட்டில் பரவவிட்டு உறுதிசெய்து, டிஎன்ஏவை மட்டும் அனுப்புங்கள். செலவும் குறையும், சீட்டும் குறையும். உலர்பனியோடு அனுப்பினால் யூஎன் 1845 என்ற எண்ணையும் பனியின் எடையையும் பெட்டிமேல் எழுத வேண்டும். பெட்டியை வாயு வெளியேற வழியின்றி இறுக மூடிவிடாதீர்கள். ஆவியாகும் கரியமில வாயு அதை வெடிக்கச் செய்யும்.

3. ஒற்றைக் காலனியிலிருந்து மட்டும் தொடங்குங்கள்

நெருக்கமாக வளர்ந்த இடத்திலிருந்து சுரண்டி எடுக்காதீர்கள். தனித்து நிற்கும் ஒரு காலனியை எடுத்துப் புதிய தட்டில் கோடிழுத்து, மறுநாள் மறுபடியும் ஒருமுறை கோடிழுங்கள். இதற்கு இரண்டு நாட்கள் போகும். இதைத் தவிர்த்ததால் எனக்கு என்ன ஆயிற்று என்பதை ஆறாம் பகுதியில் சொல்கிறேன்.

4. மால்டி-டாஃப்: தட்டில் தடவும் கை

இந்தக் கருவி பாக்டீரியாவின் புரதங்களை லேசரால் அயனிகளாக்கிப் பறக்கவிட்டு, அவை வந்துசேரும் நேரத்திலிருந்து அவற்றின் நிறையைக் கணக்கிடுகிறது. ஏறத்தாழ 2,000 முதல் 20,000 டால்டன் வரையிலான எல்லைக்குள் கிடைக்கும் சிகரங்களில் பெரும்பாலானவை ரைபோசோம் புரதங்கள். அந்தச் சிகர வரிசையைத் தரவுத்தளத்தில் உள்ள கைரேகைகளோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்கிறது. எனவே தரவுத்தளத்தில் இல்லாத இனத்தை அது ஒருபோதும் சரியாகச் சொல்லாது.

18 முதல் 24 மணி நேரம் வளர்ந்த காலனியை எடுங்கள். மரப் பல்குச்சியின் நுனியால் காலனியைத் தொட்டு, எஃகுத் தட்டின் வட்டத்துக்குள் மிக மெல்லிய படலமாகத் தடவுங்கள். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு அதிகமாக அப்பிவிடுவது. நானும் முதல் நாள் வெண்ணெய் தடவுவதுபோலத் தடவி, 24 வட்டங்களில் 15 வட்டங்களுக்கு முடிவே கிடைக்காமல் நின்றேன். தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் மட்டும் தெரியும் அளவுக்குப் படலம் இருந்தால் போதும். செல்சுவர் தடித்த கிராம்-பாசிட்டிவ் வகைகளுக்கு 70 சதவீத ஃபார்மிக் அமிலம் ஒரு மைக்ரோலிட்டர் வைத்து உலரவிடுங்கள். பிறகு, லேசர் ஆற்றலை உறிஞ்சிப் புரதங்களை அயனிகளாக்க உதவும் மேட்ரிக்ஸ் கரைசல் ஒரு மைக்ரோலிட்டர். அது தானாகவே உலர வேண்டும், ஊதி உலர்த்தக் கூடாது. எந்த வட்டத்தில் எது என்பதைத் தடவும்போதே எழுதுங்கள். தடவி முடித்தபின் நினைவிலிருந்து எழுதிய பட்டியலை நம்ப முடியாது.

பரவலாகப் புழங்கும் ஒரு மென்பொருளில் மதிப்பெண் 2.0க்கு மேல் இருந்தால் இன அளவில் நம்பலாம், 1.7க்கும் 2.0க்கும் இடையே இருந்தால் பேரின அளவில் மட்டும், அதற்குக் கீழே என்றால் முடிவு இல்லை என்று பொருள். உயர்ந்த மதிப்பெண்ணும் சில இடங்களில் ஏமாற்றும். நிமோகாக்கஸும் அதன் நெருங்கிய உறவான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸும் குழம்பும். பேசில்லஸ் செரியஸ் குழுவுக்குள் இனம் பிரிக்க இதை நம்பக் கூடாது. சால்மோனெல்லா என்று சொல்லும், டைஃபாய்டு வகையா இல்லையா என்று சொல்லாது.

இவற்றிலெல்லாம் ஆபத்தானது புருசெல்லா. தரவுத்தளத்தில் அது இல்லாதபோது, தீங்கு குறைந்த ஓக்ரோபாக்ட்ரம் என்று கருவி பெயர் சொன்ன நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. இரத்த வளர்ப்பிலிருந்து மெதுவாக வளரும், மிகச் சிறிய கிராம்-நெகட்டிவ் உருண்டைக் கோல்கள் தென்பட்டால், திறந்த மேசையில் பல்குச்சியை எடுக்காதீர்கள். தட்டை மூடிப் பாதுகாப்புப் பெட்டிக்குள் கொண்டுபோய், மேலதிகாரியை அழையுங்கள்.

5. டிஎன்ஏ பிரித்தல்

கிராம்-பாசிட்டிவ் செல்களை உடைக்க லைசோசைம் தேவை. ஸ்டெஃபிலோகாக்கஸுக்கு லைசோஸ்டாஃபின் இல்லாமல் விளைச்சல் பரிதாபமாக இருக்கும். அளவைப் பார்க்க ஒளி உறிஞ்சும் கருவியை மட்டும் நம்பாதீர்கள், அது ஆர்என்ஏவையும் சேர்த்து எண்ணும். ஒளிர்சாயக் கருவியில் அளவையும், உறிஞ்சல் கருவியில் தூய்மையையும் பாருங்கள். 260, 280 நானோமீட்டர் அலைநீளங்களில் உள்ள உறிஞ்சலின் விகிதம் (260/280) 1.8 முதல் 2.0 வரை இருப்பது நல்லது. கரைசலில் ஈடிடிஏ அதிகமிருந்தால் அடுத்த கட்ட நொதிகளுக்குத் தேவைப்படும் மெக்னீசியத்தை அது பிடித்துக்கொள்ளும். நீளமான இழைகளை அப்படியே படிக்கும் நீண்ட வாசிப்புக் கருவிக்குப் போகும் டிஎன்ஏவை வோர்டெக்ஸில் போட்டுக் குலுக்காதீர்கள், இழைகள் துண்டாகும்.

மாதிரி ஏதுமின்றி வெறும் வினைப்பொருள்களை மட்டும் இட்ட ஒரு குழாயை ஒவ்வொரு தொகுதியோடும் கடைசிவரை கொண்டுபோங்கள். பிரித்தெடுக்கும் கிட்டுகளிலேயே பாக்டீரியா டிஎன்ஏ சிறிதளவு இருப்பதுண்டு. இந்த வெற்றுக் குழாய் இல்லாவிட்டால், கிட்டில் இருந்த டிஎன்ஏவை நோயாளியின் கிருமி என்று எழுதிவிடுவீர்கள்.

6. வரிசைப்படுத்தல்: செலவு எங்கே போகிறது

டிஎன்ஏவைச் சிறு துண்டுகளாகப் படிக்கும் குறுகிய வாசிப்புக் கருவிகளில் பிழை குறைவு, ஆனால் ஒரு ஓட்டத்தை (கருவியை ஒருமுறை இயக்குவதை) நிரப்பும் அளவுக்கு மாதிரிகள் சேரக் காத்திருக்க வேண்டும். நானோபோர் போன்ற நீண்ட வாசிப்புக் கருவியில் அன்றே தொடங்கலாம். பிளாஸ்மிடை (குரோமோசோமுக்கு வெளியே உள்ள சிறு டிஎன்ஏ வளையத்தை) முழு வளையமாகக் கட்டவும் இது உதவும். எதிர்ப்பு மரபணு பிளாஸ்மிடில் இருக்கிறதா குரோமோசோமில் இருக்கிறதா என்பது கேள்வியானால், குறுகிய வாசிப்பு மட்டும் போதாது.

செலவைத் தீர்மானிப்பது ஒரு ஓட்டத்தில் எத்தனை மாதிரிகளை ஏற்றுகிறீர்கள் என்பதே. கணக்கு எளிது. சால்மோனெல்லா மரபணுத்தொகை சுமார் 48 லட்சம் எழுத்துகள். 50 லட்சம் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்தையும் சராசரியாக 50 முறை வாசிக்க 25 கோடி எழுத்துகள் தேவை. 24 மாதிரிகளுக்கு 600 கோடி. மைசெக் என்ற குறுகிய வாசிப்புக் கருவியின் 500 சுழற்சிக் கிட்டு (இரண்டாம் பதிப்பு) ஏறத்தாழ 750 முதல் 850 கோடி வரை தரும். ஆக 24 மாதிரிகள் வசதியாக அடங்கும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். நான்கு மாதிரிகளோடு ஓட்டினாலும் கிட்டின் விலை அதேதான். அதனால் காத்திருக்கக்கூடிய மாதிரிகளைச் சேர்த்து ஓட்டுங்கள், நோய்ப் பரவல் நேரத்தில் மட்டும் காத்திருக்காதீர்கள்.

திட்டச் செலவில் நான் எழுத மறந்தவை: மீண்டும் ஓட்ட வேண்டிவரும் மாதிரிகள், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், சேமிப்பு வட்டுகள், கிட்டுகளின் காலாவதி. இறக்குமதியாகும் வினைப்பொருள்கள் வரும் வழியில் கிடந்து, கைக்கு வரும்போது ஆயுளில் பாதி கழிந்திருக்கும். குறைந்தபட்ச மீதி ஆயுளைக் கொள்முதல் ஆணையிலேயே நிபந்தனையாக எழுதுங்கள். டிஎன்ஏ இழை கடந்து செல்லும் நுண்துளைகள் கொண்ட நானோபோர் பாய்வுக்கலம் வந்த உடனேயே அத்துளைகளைச் சோதியுங்கள். மின்ஐயான் என்ற நானோபோர் கருவியின் கலத்தில் 800க்குக் குறைவான துளைகள் இயங்கினால் மாற்றிக் கேட்கலாம், ஆனால் உத்தரவாதக் காலத்துக்குள் கேட்க வேண்டும்.

கணினியில் எதிர்ப்பு மரபணுவைத் தேடுவதற்கு முன் நான்கு சோதனைகளைச் செய்யுங்கள்: ஃபாஸ்ட்க்யூசி மூலம் வாசிப்புத் தரம், க்ராக்கன்2 மூலம் இனக் கலப்பு, வாசிப்புகளை இணைத்துக் கட்டிய மரபணுத்தொகையின் மொத்த நீளம், செக்எம் மூலம் முழுமையும் மாசும். என் முதல் தொகுதியில் இரண்டு சால்மோனெல்லாக்களின் நீளம் 90 லட்சத்தைத் தாண்டியது. குவானின்-சைட்டோசின் விகிதம் சரியாகவே இருந்ததால் கருவியில் ஏதோ கோளாறு என்று இரண்டு வாரம் மல்லாடினேன். உண்மையில் காலனியோடு ஈ.கோலையும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. இரண்டின் விகிதமும் 50, 52 சதவீதம் என நெருக்கமாக இருப்பதால் அந்த எண் காட்டிக்கொடுக்கவில்லை. நீளத்தை முதலிலேயே பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

அதன்பிறகு, எதிர்ப்பு மரபணுக்களைத் தேடும் மென்பொருள்களான ஏஎம்ஆர்ஃபைண்டர்பிளஸ் அல்லது ரெஸ்ஃபைண்டர். மரபணு இருக்கிறது என்றால் மருந்து கட்டாயம் வேலை செய்யாது என்று பொருளில்லை, அது வெளிப்படாமலும் கிடக்கலாம். இல்லை என்றால் மருந்து வேலை செய்யும் என்றும் பொருளில்லை: கிளெப்சியெல்லாவில் வெளிச்சவ்வின் நுழைவாய்ப் புரதங்கள் இழக்கப்பட்டு, வேறொரு பீட்டா-லாக்டமேஸும் (பெனிசிலின் வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதி) சேர்ந்தால், கார்பபெனம் மருந்துகளைச் சிதைக்கும் கார்பபெனிமேஸ் நொதியின் மரபணு ஒன்றுமே இல்லாமல் கார்பபெனம் எதிர்ப்பு வரும். சிகிச்சைக்கான முடிவைத் தட்டில் செய்யும் மருந்துணர்வுச் சோதனையோடு சேர்த்தே சொல்லுங்கள்.

"இவ்விரண்டும் ஒரே மூலமா?" என்ற கேள்விக்கு எல்லா இனத்துக்கும் பொருந்தும் ஒற்றை எண் கிடையாது. லிஸ்டீரியாவுக்கு 1,748 மரபணு இடங்களை ஒப்பிடும் முறையில், ஏழு அல்லது அதற்குக் குறைவான வேறுபாடுகள் இருந்தால் ஒரே வகையில் சேர்ப்பார்கள். அதே எண்ணைச் சால்மோனெல்லாவுக்குத் தூக்கிப் போடாதீர்கள். யார் எதை எப்போது உண்டார் என்ற விசாரணை இல்லாமல் எந்த எண்ணும் குற்றவாளியைக் காட்டாது.

7. நச்சுப் புரதத்தைத் தேடுதல்

மாதிரியின் புரதங்களை டிரிப்சின் நொதியால் பெப்டைடுகளாக (சிறு புரதத் துண்டுகளாக) வெட்டி, திரவ நிறப்பிரிகையில் பிரித்து, நிறை நிறமாலைக் கருவியில் வாசிக்கும் முறை இது. பெரும்பாலும் வெளியே உள்ள மையம் ஒன்றுதான் செய்துதரும். அனுப்புமுன் அவர்களிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை இரண்டு: எந்தக் கரைசலில் வேண்டும், எவ்வளவு புரதம் வேண்டும். எஸ்டிஎஸ், டிரைட்டான் போன்ற சோப்புப் பொருள்கள் மிஞ்சியிருந்தால் மாதிரியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உங்கள் தோலிலும் முடியிலும் உள்ள கெரட்டின்தான் இங்கே பெரும் எதிரி. கம்பளி உடையோடு உட்காராதீர்கள், முழங்கையை மேசைமேல் ஊன்றாதீர்கள், கையுறையை அடிக்கடி மாற்றுங்கள். எனக்கு வந்த முதல் அறிக்கையின் உச்சியில் இருந்த ஐந்து புரதங்களில் நான்கு மனிதக் கெரட்டின், அதாவது நான்.

முடிவுப் பட்டியலில் தவறான கண்டுபிடிப்பு வீதம் (பட்டியலில் பிழையாக இடம்பெற்றவற்றின் மதிப்பிட்ட பங்கு) ஒரு சதவீதத்துக்குள் இருக்கிறதா, நச்சுக்கு மட்டுமே உரிய பெப்டைடுகள் குறைந்தது இரண்டாவது கிடைத்தனவா என்று பாருங்கள். தீங்கற்ற உறவினப் புரதத்திலும் இருக்கும் பொதுப் பெப்டைடு ஒன்றை வைத்து "நச்சு உண்டு" என்று எழுதுவது பெரும்பிழை.

8. கால அட்டவணை

ஆவணங்கள் இருந்து, காலனியும் தூய்மையாக இருந்தால்: மால்டி-டாஃப் அதே நாள். டிஎன்ஏ பிரிக்க அரை நாள், குறுகிய வாசிப்புக்கான தயாரிப்பு ஒரு நாள், ஓட்டம் ஒன்று முதல் இரண்டு நாட்கள், பகுப்பாய்வு பழகியவருக்கு ஒரு நாள். முதன்முறை செய்பவர் பகுப்பாய்வுக்கு மட்டும் மூன்று வாரங்களை வைத்துக்கொள்ளுங்கள். வெளி மையத்துக்கு அனுப்பினால் வரிசையில் நிற்கும் நாட்களே அதிகம். வழக்கமான காத்திருப்பு எவ்வளவு என்பதைப் பணம் கட்டுமுன் கேளுங்கள்.

9. அறிக்கையும் சேமிப்பும்

அறிக்கையில் மென்பொருளின் பதிப்பு எண்ணையும் தரவுத்தளத்தைப் பதிவிறக்கிய தேதியையும் எழுதுங்கள். தரவுத்தளம் புதுப்பிக்கப்பட்ட பின் அதே கோப்பு வேறு விடை தரும், அப்போது பழைய விடைக்கு விளக்கம் சொல்ல இவை வேண்டும். மாதிரியை நேரடியாக வரிசைப்படுத்தியிருந்தால், டிஎன்ஏ கிடைத்தது என்பதை "உயிருள்ள கிருமி இருக்கிறது" என்று எழுதாதீர்கள். செத்த செல்லின் டிஎன்ஏவும் வரிசையில் வரும். பொதுத் தரவுத்தளத்தில் பதிவேற்றும்போது மனித வரிசைகளை நீக்கிவிட்டு, எடுத்த தேதி, இடம், மூலம் ஆகிய மூன்றையும் நிரப்புங்கள். இவை இல்லாத வரிசையை நோய்ப் பரவல் ஆய்வில் யாராலும் பயன்படுத்த முடியாது. நோயாளியை அடையாளம் காட்டும் அளவுக்கு விவரம் கொடுத்துவிடவும் கூடாது.

வரிசைப்படுத்திய அதே காலனியை 15 முதல் 20 சதவீத கிளிசராலில் இரண்டு குழாய்களாக, இரண்டு வெவ்வேறு உறைபெட்டிகளில், மைனஸ் 80 பாகையில் வையுங்கள். எண்ணை மூடிமேல் மட்டும் எழுதாமல் குழாயின் பக்கவாட்டிலும், ஆல்கஹால் பட்டால் அழியாத பேனாவால் எழுதுங்கள். கையுறையில் இருக்கும் எத்தனால் ஈரம் ஒருமுறை தேய்த்தாலே சாதாரண மார்க்கர் எழுத்து போய்விடும். என் ஒன்பது குழாய்கள் இன்றும் அப்படிப் பெயரின்றித்தான் கிடக்கின்றன.